சுரங்கம் மூடிய ஊரில் சிற்பத்துக்குக் கரு

போர்ட்ஃபோலியோ என்றதும் பிள்ளையாரையும் புத்தர் தலையையும் செய்யத் தொடங்கும் மாணவர்கள் ஏராளம். கோலார் தங்க வயல் போன்ற ஊர்களில் வளரும் பிள்ளைகளுக்கோ கரு காலடியிலேயே கிடக்கிறது. அதை எடுத்து வளர்ப்பது எப்படி?

மைசூர் மைன்ஸின் ஷாஃப்டுகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கூண்டு இறங்குவது நின்று இருபது வருடங்களுக்கு மேலாகிறது. பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் கோலார் தங்க வயலின் சுரங்கங்களை 2001 பிப்ரவரி 28-ல் மூடியது. 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி முதல் பெரிய வெற்றியைக் கண்டது இந்த மைசூர் மைன்ஸில்தான். அதற்குப் பிறகு சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் என்று சுரங்கங்கள் வரிசையாக வளர்ந்தன. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த தமிழ்க் குடும்பங்கள் லைன் வீடுகளில் குடியேறின. சுமார் 120 வருடங்களில் இந்த மண்ணிலிருந்து போன தங்கம் ஏறக்குறைய 800 டன்.

எஞ்சியிருப்பவை: ஷாஃப்ட்களின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரங்கள், சாம்பல் நிற மண்மேடுகள், பூட்டிய கட்டடங்கள், இருமலோடு காலம் தள்ளும் முதியவர்கள், அவர்களின் ஞாபகங்கள். பேரப்பிள்ளைகளில் பலர் அதிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கும் படிப்புக்கும் போய்த் திரும்புகிறார்கள். அவர்களில் களிமண்ணிலும் கம்பியிலும் உருவம் செய்யத் தெரிந்த ஒரு பையனோ பெண்ணோ ஓவியக் கல்லூரியை நினைத்தால் பாதைகள் உண்டு. பெங்களூரில் கர்நாடக சித்ரகலா பரிஷத், மைசூரில் சாமராஜேந்திரா காட்சிக் கலைக் கல்லூரி, தமிழ்நாட்டுப் பக்கம் சென்னையும் கும்பகோணமும். ஆனால் சேர்க்கையோ, உதவித்தொகையோ, மேற்படிப்போ, ஏதாவது ஒரு கட்டத்தில் கேட்கப்படுவது ஒன்றுதான்: "இதுவரை செய்ததைக் காட்டு."

அந்த இடத்தில்தான் திறமையுள்ள பலர் தடுமாறுகிறார்கள். ஒரு பிள்ளையார், ஒரு அன்னப்பறவை, ஒரு தாயும் சேயும், காந்தி மார்பளவுச் சிலை ஒன்று. ஒவ்வொன்றும் நன்றாகவே இருக்கும். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தம் இருக்காது. கை பழகியிருப்பது தெரிகிறது. இந்தக் கைக்குரியவர் எதைப் பற்றி யோசிக்கிறார் என்பது தெரிவதில்லை.

தலைப்பு வேறு, கரு வேறு

'இயற்கை', 'பெண்மை', 'அமைதி' என்று அட்டையில் எழுதிவிட்டால் கரு கிடைத்துவிட்டதாக ஆகாது. அவை தலைப்புகள். கரு என்பது ஒரு கேள்வி. அதற்கு ஒரு சிற்பத்தில் பதில் தேடி, பாதி பதில் கிடைத்து, மீதிக்காக அடுத்த சிற்பத்தைத் தொடங்கவேண்டும். 'சுரங்கத் தொழிலாளி' என்பது தலைப்பு. 'கீழே இறங்கிப் போகும் ஆழத்தை, மேலே எழும்பி நிற்கும் சிற்பத்தில் எப்படிக் காட்டுவது?' என்பது கரு.

தேர்வு முறைகளும் இந்தப் பக்கம்தான் நகர்ந்திருக்கின்றன. சி.பி.எஸ்.இ. மேல்நிலை வகுப்புகளில் சிற்பத்தைப் பாடமாக எடுப்பவர்களுக்கு எழுத்துத் தேர்வு 30 மதிப்பெண், செய்முறை 70. அந்த 70-க்குள் புடைப்புச் சிற்பமும் முழுச் சிற்பமும் வருகின்றன. வருடம் முழுக்கச் செய்த வேலைகளின் தொகுப்பும் உண்டு. அமெரிக்காவின் காலேஜ் போர்டு நடத்தும் ஏ.பி. தேர்வில் முப்பரிமாணக் கலைக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. ஒரே கேள்வியைத் தொடர்ந்து ஆராய்ந்ததற்குச் சாட்சியாக 15 படங்கள், சிறந்த வேலைகள் ஐந்துக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டிரண்டு படங்கள் அனுப்பவேண்டும். மதிப்பெண்ணில் 60 சதவிகிதம் அந்தத் தொடர் ஆராய்ச்சிக்கு. அழகாக முடிந்த ஐந்து சிற்பங்களுக்கு 40 சதவிகிதம்தான். முடிந்த சிற்பத்தைவிட அதற்கு வந்து சேர்ந்த வழிக்கு அதிக மதிப்பு என்பது கவனிக்கவேண்டிய செய்தி.

முன்னோடிகள் காட்டிய வழி

இது இறக்குமதியான சிந்தனை என்று நினைத்தால் மெரினாவுக்குப் போய்ப் பார்க்கலாம். பெரும்பாறை ஒன்றை நான்கு பேர் உந்தித் தள்ளும் உழைப்பாளர் சிலை 1959 ஜனவரியில் அங்கே நிறுவப்பட்டது. செய்தவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. 1929 முதல் 1957 வரை சென்னை ஓவியக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர், அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். சிலையில் முகங்களைவிட முதுகும் தொடையும் கணுக்காலும்தான் பேசுகின்றன. பாறையின் எடை எவ்வளவு என்பதைப் பாறை சொல்வதில்லை. அதைத் தள்ளுகிற உடம்புகள் சொல்கின்றன. பாறையோடு மல்லுக்கட்டிய ஊரிலிருந்து வரும் மாணவருக்கு இதைவிட நல்ல முதல் பாடம் கிடையாது.

இரண்டாவது பாடம் சாந்திநிகேதனில் இருக்கிறது. ராம்கிங்கர் பைஜ் 1938-ல் 'சந்தால் குடும்பம்' செய்தபோது வெண்கலத்துக்கும் பளிங்குக்கும் போகவில்லை. அந்தப் பகுதியின் செம்பூரான் சரளையை சிமென்ட்டோடு கலந்து, இரும்பு உள்கூட்டின்மேல் அப்பினார். இடம்பெயரும் பழங்குடிக் குடும்பத்தின் உடம்பே அந்த மண்ணாக நின்றது. 1956-ல் அவர் செய்த 'ஆலைச் சங்கு' சிற்பத்தில் ஆலையின் சங்கொலி கேட்டுக் காற்றில் துணி பறக்க ஓடும் பெண்கள். காதில் விழும் ஒலியை அவர் ஓட்டமாக மாற்றினார். ஷிப்ட் சங்குக்கு வீடே விழித்த ஊரில் அதைப் புரிந்துகொள்வது எளிது.

மூன்றாவது பாடம் மறுபடி சென்னைக் கல்லூரியில். அங்கே படித்த பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்டை அடித்து, வளைத்து, அதன்மேல் கம்பியைக் கோடாக ஓட்டி உருவங்கள் செய்தார். வார்ப்புப் பட்டறை, பெரிய உலை எதுவும் வேண்டாத முறை. கோயில் கவசங்களின் வாசனை அதில் இருந்தது. பழைய உருவத்தின் நகலாக அது நின்றுவிடவில்லை. பணமில்லை, அதனால் உலோகம் தொடமுடியாது என்று சொல்லும் மாணவருக்கு அது பதில்.

இன்னும் கிட்டத்தில் பார்த்தால் சுபோத் குப்தா. பாட்னா அருகே கக்கோல் என்ற ரயில்வே ஊரில் பிறந்தவர். வீட்டு அடுப்படியின் எவர்சில்வர் பாத்திரங்களையும் டிபன் கேரியர்களையும் கொண்டே உலகக் காட்சிக்கூடங்களை நிரப்பினார். நைஜீரியாவில் நெடுநாள் ஆசிரியராக இருந்த எல் அனாட்சூய் எறிந்த பாட்டில் மூடிகளைச் செம்புக் கம்பியால் கோத்துப் பெரும் திரைகள் செய்தார். பொருளின் விலையை யாரும் கேட்கவில்லை. அந்தப் பொருள் ஏன் அங்கே வந்தது என்பதற்குக் காரணம் இருந்தது.

தங்க வயல் தரும் கேள்விகள்

கோலார் தங்க வயலில் கருவுக்குப் பஞ்சமில்லை. முதலில் ஆழம். சாம்பியன் ரீஃபில் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. அங்கே பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதித்தது. இந்த ஆழத்தைப் பொம்மைத் தொழிலாளியும் பொம்மைக் கூண்டும் செய்து காட்டிவிட முடியாது. லண்டனில் ரேச்சல் வைட்ரீட் 1993-ல் செய்தது இங்கே உதவும். இடிக்கப்பட இருந்த வீடு ஒன்றின் உள்ளே கான்கிரீட் நிரப்பிவிட்டு, சுவர்களை வெளியிலிருந்து உரித்து எடுத்தார். மனிதர்கள் நடமாடிய வெற்றிடம் கெட்டிப் பொருளாக நின்றது. 1994 தொடக்கத்தில் அதையும் இடித்துவிட்டார்கள். சுரங்கம் என்பதும் தோண்டி எடுத்த வெற்றிடம்தான். களிமண்ணில் பாதைகள் குடைந்து, பிளாஸ்டர் ஊற்றி, களிமண்ணை விலக்கினால், உள்ளே இருந்த காலி இடம் வேர் போல வெளியே வரும்.

இரண்டாவது, அளவு. ஒரு டன் பாறையை உடைத்தால் கிடைத்தது சில கிராம் தங்கம். இந்த விகிதத்தைக் கண்ணால் பார்க்கும்படி செய்யமுடியுமா? மூன்றாவது, பாறை வெடிப்பு. ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று சிதறும். அதைத் தாங்க முட்டுக்கொடுத்தார்கள். தாங்குவதும் நொறுங்குவதும் சிற்பத்தின் ஆதிப் பிரச்சினைகள்.

நான்காவது, கைரேகை. தொழிலாளர்களின் கைரேகையைக் கட்டாயமாகப் பதிவு செய்யும் திட்டத்தை எதிர்த்து 1930-ல் தங்க வயலில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. திருடனைப் போல ரேகை எடுப்பதா என்ற மானப் பிரச்சினை அது. களிமண்ணைத் தொட்டாலே விரல் ரேகை பதிந்துவிடும். வரலாறும் பொருளும் இப்படித் தானாக வந்து சேரும் இடங்கள் அபூர்வம்.

ஒரு கரு, எட்டு வேலைகள்

மைசூர் மைன்ஸில் வளர்ந்த ஒரு மாணவி இந்தக் கைரேகையைக் கருவாக எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். அவள் கேள்வி இது: 'அடையாளம் காட்ட மறுத்த கையை அடையாளம் காட்டாமல் எப்படிச் செய்வது?'

முதல் வேலை எளிது. உள்ளங்கை அளவுக் களிமண் வில்லைகளில் வீட்டாரின் பெருவிரல் பதிவுகள், காயவைத்துச் சுட்டவை. அடுக்கி வைத்துப் பார்க்கும்போது ரேகையின் வளைகோடுகள் நில வரைபடத்தின் உயரக் கோடுகள் போலத் தெரியும். இரண்டாவது வேலை அதிலிருந்து பிறக்கிறது: ஒரு ரேகை மட்டும் ஓரடி அகலத்துக்குப் பெரிதாக்கிய புடைப்புச் சிற்பம். மூன்றாவதில் அதே கோடுகள் அட்டை அடுக்குகளாகின்றன. ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் குன்று. நடுவை வெட்டிக் கீழ்நோக்கி அடுக்கினால் குழி. ரேகை இப்போது சுரங்கமாகிவிட்டது. நான்காவதில் அந்தக் குழிக்குள் பிளாஸ்டர் ஊற்றி எடுக்கிறாள். ஐந்தாவதில் எடையை முழுக்க விலக்கிவிட்டு, கட்டடத் தொழிலாளர்கள் கம்பி முடையப் பயன்படுத்தும் கட்டுக்கம்பியில் அதே ரேகை. விளக்கின் முன் தொங்கவிட்டால் சுவரில் நிழல் ரேகை விழும். ஆள் நகர்ந்தால் கலையும்.

ஆறாவதில் திசை மாறுகிறது. ரேகை வேண்டாம், பிடி போதும் என்று தோன்றுகிறது. சுரங்கத்தில் வேலை செய்த தாத்தா ஒருவரிடம் அனுமதி கேட்டு, ஒரு உருண்டைக் களிமண்ணைக் கொடுத்து இறுகப் பிடிக்கச் சொல்கிறாள். விரல்களுக்கு நடுவே பிதுங்கிய அந்த மண், ஒரு கைக்குள் இருந்த வெற்றிடம். யாருடையது என்று சொல்லாது. உழைத்த கை என்று சொல்லும். ஏழாவதில் அதுபோல் பல பிடிகள், ஒரே உயரத்தில், வரிசையாகத் தொங்குகின்றன. எட்டாவது, சிமென்ட்டில் இரண்டடி உயரப் பெருவிரல். அது நினைவுச் சின்னம் போல் விறைத்துப்போய்த் தோற்கிறது. அதையும் அவள் தொகுப்பிலிருந்து எடுக்கவேண்டியதில்லை. ஏன் தோற்றது என்று இரண்டு வரி எழுதி வைத்தால், பார்ப்பவருக்கு அந்தத் தோல்வியே நம்பிக்கை தரும்.

எட்டில் எதுவுமே அதிகச் செலவு பிடிக்காது. ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து வந்திருக்கிறது. பொருள் மாறும்போதெல்லாம் காரணத்தோடு மாறியிருக்கிறது. புடைப்பு, முழுச் சிற்பம், வார்ப்பு, கம்பி, தொங்கும் அமைப்பு என்று முறைகளும் தாமாகவே வந்துவிட்டன.

தொடக்கூடாத மண்

உள்ளூர்ப் பொருளில் செய்வது நல்லது என்றதும் மாணவர் கண் முதலில் போவது சயனைட் மண்மேட்டின் மீதுதான். சினிமாக்காரர்களுக்கும் பிடித்த இடம். பார்க்க மிருதுவான மாவு போல இருக்கும் அந்த மண்ணைத் தொடவேண்டாம். பாறையைப் பொடியாக அரைத்து, சயனைட் கரைசலில் தங்கத்தைக் கரைத்து எடுத்தபின் கொட்டிய கழிவு அது. நுண்ணிய சிலிக்காத் தூசி, சயனைட் எச்சம், கன உலோகங்கள் எல்லாம் அதில் உண்டு. சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலைத் தின்ற சிலிகோசிஸ் நோய்க்குக் காரணம் சிலிக்காத் தூசிதான். அதைப் பசையோடு பிசைவதோ, சலிப்பதோ, சூளையில் சுடுவதோ ஆபத்து. மேட்டின் நிறமும் விரிசலும் வேண்டுமென்றால் குயவர் களிமண்ணில் கிடைக்கும்; தூரத்திலிருந்து எடுத்த போட்டோ போதும். பாழடைந்த ஷாஃப்ட் பக்கம் இரும்பு பொறுக்கப் போவதற்கும் இதே எச்சரிக்கை. பழைய இரும்புக்கடையில் எடை போட்டு வாங்குவது உயிருக்கும் நல்லது, சட்டத்துக்கும் நல்லது.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் விளையாட்டுப் பொருள் அல்ல. தண்ணீரோடு கலந்து இறுகும்போது அது சூடாகும். பெரிய அளவில், கெட்டியாக இருந்தால் சதையை வேகவைக்கும். இங்கிலாந்தில் 2007-ல் பள்ளிக் கலை வகுப்பில் தன் கைகளை அச்சு எடுக்க பிளாஸ்டர் வாளிக்குள் வைத்த மாணவி ஒருத்தி விரல்களை இழந்தாள். கை, கால், முகம் எதையும் பிளாஸ்டருக்குள் நேரடியாகப் புதைக்கக்கூடாது. முதலில் களிமண்ணில் அழுத்திப் பள்ளம் எடுத்து, கையை விலக்கியபின் அந்தப் பள்ளத்தில் பிளாஸ்டர் ஊற்றலாம். பல் மருத்துவர்கள் அளவெடுக்கப் பயன்படுத்தும் ஆல்ஜினேட் பொடி இன்னும் நுட்பமாகப் பதியும். மிச்ச பிளாஸ்டரைக் கழுவி சாக்கடையில் விட்டால் குழாய்க்குள்ளேயே சிற்பமாகிவிடும். காயவிட்டு உடைத்துக் குப்பையில் போடுவதே முறை.

படத்தில் பிழைக்கவேண்டும்

சிற்பம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தேர்வாளர் பல நேரங்களில் பார்ப்பது அதன் போட்டோவை. முப்பரிமாண வேலை இரு பரிமாணத் தாளில் பிழைக்கவேண்டும். இதற்கு ஸ்டூடியோ வேண்டாம். மடிப்பில்லாத ஒரு வெளிர் சாம்பல் துணியைச் சுவரிலிருந்து மேசைவரை வளைவாக விரித்தால் பின்னணி தயார். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழவேண்டும். நேராக ஃப்ளாஷ் அடித்தால் புடைப்பெல்லாம் சப்பையாகிவிடும். கேமரா சிற்பத்தின் உயரத்துக்கு இறங்கி வரவேண்டும். முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம், ஒரு நெருக்கக் காட்சி என்று ஒவ்வொன்றுக்கும் எடுத்து வைத்துக்கொண்டு, எந்த இரண்டு சேர்ந்தால் முழு உருவமும் புரிகிறதோ அவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். அளவு, பொருள், செய்முறை ஆகியவற்றை ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு வரியில் எழுதவேண்டும்.

குறிப்பேடு தனி. அதில் பென்சில் கோட்டோவியங்கள், கையளவு மாதிரிகளின் படங்கள், உள்கூடு கட்டிய விதம், உடைந்துபோன முயற்சி எல்லாம் தேதியோடு இருக்கவேண்டும். கம்ப்யூட்டரிடம் சொல்லி உருவம் வரையவைக்கும் வசதி வந்துவிட்ட காலத்தில் இந்தக் குறிப்பேட்டின் மதிப்பு ஏறியிருக்கிறது. ஏ.பி. தேர்வு செயற்கை நுண்ணறிவின் உதவியை எந்தக் கட்டத்திலும் அனுமதிப்பதில்லை. அழுக்குப் படிந்த குறிப்பேடு, வேலை இந்தக் கையால்தான் நடந்தது என்பதற்கு அத்தாட்சி.

யாருடைய கதை?

தங்க வயலைப் பற்றிச் செய்யும்போது இரண்டு குழிகள் உண்டு. ஒன்று சினிமா. 2018-லும் 2022-லும் வந்த 'கே.ஜி.எஃப்.' கன்னடப் படங்கள் ஊரின் பெயரை நாடெங்கும் கொண்டுபோயின. 2024-ல் 'தங்கலான்' வந்தது. கரிபூசிய முகம், சம்மட்டி, புழுதி என்று ஒரு பிம்பம் எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது. மாணவர் அதையே திரும்பச் செய்தால், ஊரில் பிறந்தவரும் திரையில் பார்த்தவரும் ஒன்றாகிவிடுவார்கள். வீட்டுப் பரணில் இருக்கும் டிபன் பாக்ஸோ, பெல்ட்டோ, பாட்டி சொன்ன ஒரு சம்பவமோ சினிமாவில் இருக்காது.

மற்றொன்று சோகம். நோயுற்ற முதியவரை உருக்கமான பொருளாக மட்டும் வைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவரிடம் கேட்கவேண்டும்: எந்தக் கையால் துளை இயந்திரத்தைப் பிடித்தீர்கள், விளக்கு எங்கே இருந்தது, பாறை வெடிக்கப் போவது எப்படித் தெரியும்? வேலை தெரிந்தவராக நடத்தினால் அவர் சொல்வதில் சிற்பத்துக்குத் தேவையான அசைவும் எடையும் இருக்கும். முடிந்தபின் முதலில் அவருக்குத்தான் காட்டவேண்டும். கை எங்கே தப்பாக இருக்கிறது என்று தேர்வாளரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

இதற்கு அவகாசமும் அதிகமில்லை. தங்க வயலின் 13 மண்மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024-ல் ஒப்புதல் தந்தது. ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்த மேடுகள் அவை. அந்த வேலை நடந்தால் ஊரின் அடிவானமே மாறும். இரும்புக் கோபுரங்கள் துருவேறுகின்றன. சுரங்கம் மூடிய நாளில் வேலையில் இருந்தவர்களில் இளையவர்களே இப்போது நடுவயதைத் தாண்டியவர்கள்.

கொச்சி பினாலேயோடு 2014 முதல் நடந்துவரும் மாணவர் பினாலே போன்ற மேடைகள் இன்று அரசுக் கல்லூரி மாணவர்களுக்கும் திறந்திருக்கின்றன. அங்கே போய் நிற்கும் தொகுப்பு, மைசூர் மைன்ஸின் ஒரு கைப்பிடியை உள்ளே வைத்திருந்தால், அது சேர்க்கைக்கான சான்றாக மட்டும் இருக்காது. 800 டன் தங்கம் எங்கெங்கோ போய்விட்டது. அதை எடுத்த கையின் அளவாவது ஊரில் ஒருவரிடம் இருக்கும்.